சைக்கெடெலிக் சிகிச்சையும் இனமும்: திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு மனநல மையத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தினர். அவ்வப்போது நம்மவர்களும் வருவார்கள். காளான் மருந்து பற்றிச் செய்திகளில் வரத் தொடங்கியதிலிருந்து மையத்திலும் அதே பேச்சு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போதும் அதே பேச்சு. வாயால் சொல்லி ஓய்ந்துபோய் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் வந்தவற்றை மட்டும் தமிழாக்கியிருக்கிறேன். மருந்து பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

சைக்கெடெலிக் தெரபின்னா என்னக்கா? போதை மாத்திரையக் குடுத்து வைத்தியம் பண்றதா?

சைக்கெடெலிக் என்றால் சில மணி நேரத்துக்கு உணர்வையும் எண்ணத்தையும் மாற்றிவிடும் மருந்து வகை. ஆனால் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. முதலில் சில நாட்கள் சிகிச்சையாளரோடு பேசிப் பழக வேண்டும். பிறகு மருந்து நாள். ஓர் அமைதியான அறை, படுக்கை, கண்ணை மறைக்கும் பட்டை, இசை, பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆட்கள். அதன்பின், அன்று மனத்தில் எழுந்ததை வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும் பேச்சு அமர்வுகள். தெருவில் 'எக்ஸ்டசி' என்று பெயர் பெற்ற எம்.டி.எம்.ஏ. என்ற மருந்தின் ஆய்வுகளில் எட்டு மணி நேர மருந்து நாட்கள் மூன்று, ஒன்றரை மணி நேரப் பேச்சு அமர்வுகள் பன்னிரண்டு. ஒரு நோயாளிக்கு 42 மணி நேரம், அதுவும் இரண்டு சிகிச்சையாளர்களோடு.

காளானிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட சைலோசைபின் பெரும்பாலும் மனச்சோர்வுக்கும், எம்.டி.எம்.ஏ. போர், வன்முறை, விபத்து போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பி.டி.எஸ்.டி.க்கும் ஆராயப்படுகின்றன. எம்.டி.எம்.ஏ., மயக்க மருந்தான கெட்டமின் இரண்டும் கறாராகச் சொன்னால் வேறு வகை மருந்துகள். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

இப்போ சட்டப்படி கிடைக்குதா?

அமெரிக்காவில் மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்கக்கூடியது கெட்டமின் வகை மட்டும். அதன் மூக்குத் தெளிப்பு வடிவமான எஸ்கெட்டமினுக்கு 2019இல் அனுமதி கிடைத்தது. எம்.டி.எம்.ஏ.வை 2024 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ., அதாவது மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு, ஏற்க மறுத்தது. ஒரிகன் மாநிலம் 2020 வாக்கெடுப்பிலும் கொலராடோ 2022 வாக்கெடுப்பிலும் உரிமம் பெற்ற இடங்களில் சைலோசைபின் அமர்வுகளுக்கு வழி திறந்தன. ஆனால் நடுவண் அரசின் சட்டத்தில் அது இன்னும் குற்றமே. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் எம்.டி.எம்.ஏ., சைலோசைபின் இரண்டையும் பரிந்துரைக்கலாம். கனடாவில் 2022 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவர் தனியாக விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

மருந்துக்கு ஆளோட நிறம் தெரியுமா? இதுல எதுக்கு இனத்த இழுக்குறீங்க?

முதலில் எண்களைப் பார்ப்போம். 1993 முதல் 2017 வரை வெளியான 18 ஆய்வுகளை மோனிகா வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். மொத்தம் 282 பேர். அதில் 82.3 விழுக்காடு வெள்ளையர். கறுப்பினத்தவர் 2.5 விழுக்காடு, அதாவது ஏழு பேர். லத்தீன் மக்கள் ஆறு பேர். ஆசியர் ஐந்து பேர். அமெரிக்காவில் எட்டில் ஒருவர் கறுப்பினத்தவர், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் லத்தீன் வம்சாவளி என்பதோடு இதை வைத்துப் பாருங்கள்.

உடம்பு சார்ந்த காரணமும் உண்டு. எம்.டி.எம்.ஏ. இரத்த அழுத்தத்தை ஏற்றும். அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் இரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளில் ஒன்று மக்களுக்கு மக்கள் வேகத்தில் வேறுபடும். ஏழு பேரை வைத்து இதையெல்லாம் கண்டறிய முடியாது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிரஷர் மாத்திரையை யார் கையால் வாங்கினாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். இங்கே அப்படியில்லை. மனத்தின் கதவெல்லாம் திறந்து கிடக்கும் ஆறு, எட்டு மணி நேரம் பக்கத்தில் யார் இருக்கிறார், அவரை நம்புகிறோமா, அறை நமக்கு எப்படிப் படுகிறது என்பதெல்லாம் சிகிச்சையின் பகுதி. 2015 கணக்குப்படி அமெரிக்க உளவியலாளர்களில் 86 விழுக்காடு வெள்ளையர், 4 விழுக்காடுதான் கறுப்பினத்தவர்.

அவங்களுக்கு ஆர்வம் இல்லன்னா விட்டுட வேண்டியதுதானே? யாரும் கையப் பிடிச்சுத் தடுக்கலையே?

ஆர்வம் இல்லை என்று நாமாகச் சொல்லிக்கொள்கிறோம். எங்கள் மையத்தில் ஒரு முதியவர், தேவாலயத்தில் பாடகர், இந்தச் சிகிச்சையைப் பற்றி நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு, "என்னை மறுபடியும் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறீர்களா அம்மா?" என்றார். அந்த "மறுபடியும்" எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தலைப்பைப் பேசவே கூடாது என்பது என் எண்ணம்.

அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசு சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்குச் சிஃபிலிஸ் நோய். பெனிசிலின் வந்த பிறகும் அவர்களுக்கு மருந்து கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். இது பலருக்கும் தெரிந்தது. கென்டகி மாநிலத்தின் லெக்சிங்டன் கதை அவ்வளவாகத் தெரியாது. போதை வழக்கில் சிக்கியவர்களை அடைத்து வைத்த அரசு மருத்துவமனை அது. 1950களில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற மருத்துவர் அங்கிருந்த கைதிகளுக்கு எல்.எஸ்.டி. என்ற இன்னொரு சைக்கெடெலிக் மருந்தைக் கொடுத்துச் சோதித்தார். கறுப்பினத்தவர்களே அதில் பெருமளவு சிக்கினார்கள். சிலருக்கு 77 நாட்கள் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. அமெரிக்க உளவுத் துறையான சி.ஐ.ஏ.வின் பணம் அதன் பின்னால் இருந்தது. கூலியாக அவர்களுக்கு அதே போதைப்பொருளைக் கொடுத்திருக்கிறார்கள், எதிலிருந்து மீளத்தான் அவர்கள் அங்கே வைக்கப்பட்டார்களோ அதே பொருளை.

இதே காலத்தில் வசதியான வெள்ளை நோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்த மருத்துவர்கள் பூவும் இசையும் வைத்து, கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதே மருந்துதான். ஒரு பக்கத்துக்குக் கிடைத்த நினைவு ஒன்று, இன்னொரு பக்கத்துக்குக் கிடைத்த நினைவு வேறு. அந்தப் பாடகர் ஐயாவிடம் "ஆர்வம் இல்லையா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதெல்லாம் அம்பது வருஷத்துக்கு முன்னாடி. இப்போதான் விதிகள் எல்லாம் மாறிடுச்சே?

விதிகள் மாறியது உண்மை. டஸ்கீகிக்கு அதிபர் கிளின்டன் 1997இல் மன்னிப்பும் கேட்டார். ஆனால் பழசு மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். ஒரே மாதிரி அறிகுறிகளோடு வந்தாலும் கறுப்பின நோயாளிக்கு மனச்சிதைவு நோயான "ஸ்கிசோஃப்ரினியா" என்று எழுதுவது இன்றும் கூடுதல். அந்த நோய் அவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கண்டறியப்படுகிறது. அதில் ஒரு பங்கு தவறான கணிப்பு. இந்த ஆய்வுகளிலோ, ஸ்கிசோஃப்ரினியா இருந்தால் சேர்க்க மாட்டார்கள். பாதுகாப்புக்காக அது சரியான விதிதான். ஆனால் எப்போதோ அவசரத்தில் யாரோ ஒருவர் கோப்பில் எழுதிய ஒரு சொல், பத்து வருடம் கழித்து ஒருவரின் வழியை மூடுவதைப் பார்த்திருக்கிறேன்.

போதைச் சட்டத்துக்குப் பயப்படுறது ஏன்? டாக்டர் முன்னாடி எடுக்கறதுக்கு யாரு புடிப்பா?

1986 சட்டத்தில் கிராக் என்ற கட்டிக் கொக்கேன் 5 கிராம் வைத்திருந்தால் கிடைத்த தண்டனை, தூள் கொக்கேன் 500 கிராம் வைத்திருந்தால்தான் கிடைக்கும். முன்னதில் சிறைக்குப் போனவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். அந்த நூறு மடங்கை 2010இல்தான் 18 மடங்காகக் குறைத்தார்கள். கஞ்சா புகைப்பவர்கள் இரு இனத்திலும் ஏறக்குறைய சமம். கைதாவதில் கறுப்பினத்தவர்கள் மூன்று மடங்குக்கு மேல். அண்ணன், சித்தப்பா யாராவது இப்படிச் சிறைக்குப் போன வீட்டில், "இதே பொருளை நாங்கள் வைத்தியமாகத் தருகிறோம்" என்று சொன்னால் அது காதில் எப்படி விழும்?

நம்மவர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. குடியுரிமை இல்லாதவர்கள், எச்1பி விசாவில் இருப்பவர்கள், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஒரிகனில் மாநிலச் சட்டப்படி எடுத்திருந்தாலும், தடைசெய்யப்பட்ட பொருளை எடுத்ததாக ஒப்புக்கொள்வது குடிவரவில் சிக்கலாகலாம். நடுவண் அரசின் அனுமதியோடு நடக்கும் மருத்துவ ஆய்வில் சேர்வது வேறு. போகுமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆய்வுக்காரங்க சேர்க்கறதில்லையா, இவங்க போறதில்லையா? ஒண்ணு சொல்லுங்க.

ஒன்றைச் சொல்ல முடியாது. ஆய்வு நடக்கும் செய்தியே ஏற்கனவே அந்த வட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் எட்டுகிறது. முதல் கேள்வியில் சொன்ன 42 மணி நேரத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். மணிக்கணக்குக் கூலிக்கு வேலை செய்கிறவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர், எட்டு மணி நேரம் படுத்திருந்துவிட்டு கார் ஓட்டக்கூடாது என்பதால் அழைத்துப் போக ஆள் வேண்டியவர், இவர்களால் எப்படி முடியும்? ஆய்வு நடக்கும் மொழியைச் சரளமாகப் பேச, படிக்கத் தெரிய வேண்டும் என்பதும் விதி.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் காரணம். நடுவண் அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பணம் தரும் ஆய்வுகளில் சிறுபான்மையினரைச் சேர்க்க வேண்டும் என்று 1993இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் இந்தத் துறை பல ஆண்டுகளாக நன்கொடையில் ஓடியது. சைக்கெடெலிக் சிகிச்சைக்கென்று அந்த நிறுவனங்களிடமிருந்து அரை நூற்றாண்டில் முதல் பணம் 2021இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது, புகைப் பழக்கத்தை நிறுத்தும் ஆய்வுக்காக. அதுவரை கணக்குக் கேட்க ஆள் இல்லை.

முயன்றால் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. பெரிய எம்.டி.எம்.ஏ. ஆய்வுகள் இரண்டில் பின்னது 2023இல் வெளியானது. அதில் 104 பேர். அவர்களில் மூன்றில் ஒருவர் வெள்ளையரல்லாதவர், நான்கில் ஒருவருக்கு மேல் லத்தீன் வம்சாவளி.

வெள்ளையரல்லாத எல்லாரும் ஒரே மாதிரிதான் நினைக்கிறாங்களா?

இல்லவே இல்லை. பூர்வகுடி அமெரிக்கர்களின் தேவாலயத்தில் பெயோட்டி என்ற கள்ளியை வழிபாட்டில் உண்கிறார்கள். 1994 சட்டம் அதைக் காக்கிறது. அவர்களுக்கு இது புதிதல்ல, அவர்களின் கவலை வேறு. வெளியாட்கள் ஆர்வத்தில் பறித்துப் போவதால், தெற்கு டெக்சாசில் மெதுவாக வளரும் அந்தக் கள்ளி அருகிக்கொண்டே வருகிறது. கறுப்பினத்தவருக்குள்ளும் தேவாலய வழியில் வளர்ந்த மூத்தவர்கள் ஒரு மாதிரி, கல்லூரிப் பிள்ளைகள் ஒரு மாதிரி. ஆசியக் குடும்பங்களில் நான் கேட்பது பெரும்பாலும் மருந்தைப் பற்றியே அல்ல. மனநல மருத்துவரிடம் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள், பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது தெரிந்துவிடுமா என்பதுதான்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 2023இல் 1,500 வாக்காளர்களிடம் கருத்துக் கேட்டது. ஒழுங்குமுறையோடு சிகிச்சைக்கு அனுமதிப்பதை 61 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். ஆனால் 69 விழுக்காட்டினர், இது "என்னைப் போன்றவர்களுக்கானது" என்று தங்களுக்குத் தோன்றவில்லை என்றார்கள். இது எல்லா இனத்தவரும் சேர்ந்த கணக்கு. பிறருக்கு நல்லது, நமக்கு வேண்டாம் என்ற அந்த இடைவெளியில்தான் நான் தினமும் வேலை செய்கிறேன்.

காளான் மெக்சிகோக்காரங்களோடதுன்னு சொல்றாங்களே? அப்புறம் எப்படி வெள்ளைக்காரங்க வைத்தியம் ஆச்சு?

மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தில் வவுத்லா தெ ஹிமெனெஸ் என்ற மலையூர். அங்கே மசாதெக் இனத்தைச் சேர்ந்த மரியா சபினா, நோயாளிகளுக்காக இரவு முழுதும் பாடிக் காளான் சடங்கு நடத்தி வந்தார். நியூயார்க் வங்கியாளரான கார்டன் வாசன் 1955இல் அந்தச் சடங்கில் கலந்துகொண்டு, 1957இல் லைஃப் இதழில் எழுதினார். ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958இல் அந்தக் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தார். இன்றைய ஆய்வுகளில் தரும் 25 மில்லிகிராம் குளிகை அந்த வழியில் வந்ததுதான்.

கட்டுரை வந்த பிறகு வெளிநாட்டுக் கூட்டம் மலையேறியது. காவல்துறை வந்தது. ஊர் அந்த அம்மாவைப் பழித்தது, வீடு எரிக்கப்பட்டது. 1985இல் வறுமையிலேயே இறந்தார். லத்தீன் குடும்பங்கள் இந்தச் சிகிச்சையின் விலையைக் கேட்டுவிட்டுக் கசப்போடு பேசும்போது இந்தக் கதை அதில் இருக்கிறது. ஒரிகனில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது, காப்பீடு கிடையாது.

இனவெறியால பட்ட மனக்காயத்துக்கு இது கேக்குமா?

நம்பிக்கை தரும் தடயம் இருக்கிறது, நிரூபணம் இல்லை. மேலே சொன்ன வில்லியம்ஸும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக (ஒஹாயோ ஸ்டேட்) ஆய்வாளர்களும் அமெரிக்கா, கனடாவில் உள்ள 313 வெள்ளையரல்லாதவர்களிடம் கேட்டார்கள். இனவெறியால் காயப்பட்ட அவர்கள், ஒரு சைக்கெடெலிக் அனுபவத்துக்குப் பிறகு அதன் தாக்கமும் மனச்சோர்வும் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் நல்ல அனுபவம் பெற்றவர்களே இப்படிப்பட்ட ஆய்வுக்கு வந்து பதில் சொல்வார்கள். நடந்ததை நினைவிலிருந்துதான் சொன்னார்கள். ஒப்பிட வேறு குழுவும் இல்லை.

தேவை இருக்கிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் வாழ்நாளில் பி.டி.எஸ்.டி. வருவது கறுப்பினத்தவரில் 8.7 விழுக்காடு, வெள்ளையரில் 7.4. நோய் வந்த சிறுபான்மையினரில் பாதிப் பேர்கூடச் சிகிச்சைக்குப் போவதில்லை.

அப்புறம் ஏன் எஃப்.டி.ஏ. வேண்டாம்னுச்சு? அதுவும் இனப் பாகுபாடா?

இல்லை. 104 பேர் ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 71.2 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 47.6 விழுக்காட்டினரும் நோயின் வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள். வித்தியாசம் பெரிது. ஆனால் எம்.டி.எம்.ஏ. உள்ளே போனால் ஆளுக்கே தெரிந்துவிடும். தான் எந்தக் குழு என்று தெரிந்தபின் சொல்லும் பதிலை எவ்வளவு நம்புவது? ஆலோசனைக் குழு 2024 ஜூனில், நன்மை ஆபத்தைவிட அதிகமா என்ற கேள்விக்கு 10க்கு 1 என்று எதிராக வாக்களித்தது.

இன்னொன்றும் நடந்தது. கனடாவில் முந்தைய கட்ட ஆய்வு ஒன்றில், மருந்தின் பிடியில் இருந்த பெண்ணிடம் சிகிச்சையாளர்கள் எல்லை மீறியது வெளியே வந்தது. மருந்தின் நேரத்தில் "வேண்டாம்" என்று சொல்லும் திறன் தளர்ந்துபோகும். ஏற்கனவே மருத்துவர் முன் குரல் எழுப்பப் பழக்கப்படாத சமூகத்திலிருந்து வருகிறவருக்கு இது இரட்டை ஆபத்து. அதனால் மறுப்பைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை.

நாங்கள் சண்டைக்குள்ளால வந்தனாங்கள். இப்பவும் நித்திரையில கத்துறன் எண்டு மனுசி சொல்லுறா. எனக்கு இது சரிவருமோ?

இந்தக் கேள்வி டொராண்டோவிலிருந்து வந்தது. அங்குள்ள ஈழத் தமிழர்களிடையே 2003இல் வெளியான ஓர் ஆய்வு, பி.டி.எஸ்.டி. 12 விழுக்காட்டினருக்கு இருப்பதாகக் கண்டது. உதவி தேடிப் போனவர்களோ மிகச் சிலர். அந்த 282 பேரில் ஆசியர்கள் ஐந்து பேர் என்று மேலே எழுதினேனே, ஜப்பான் முதல் யாழ்ப்பாணம் வரை எல்லாம் சேர்த்த "ஆசியர்" அது. தமிழர்களுக்கு இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லத் தரவு கிடையாது, ஐயா. அதை மறைத்து நம்பிக்கை சொல்ல மாட்டேன்.

முதலில், நிலைபெற்ற பேச்சுச் சிகிச்சைகளைத் தமிழ் பேசும் சிகிச்சையாளரிடம் முழுதாகச் செய்து பாருங்கள். பலர் அதுவே செய்து பார்க்காமல் இதற்கு வருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க் காயத்தைக் குடும்பத்தின், ஊரின் காயமாகவும் பார்க்க வேண்டும் என்று நீண்ட காலமாக எழுதிவருகிறார். தனியறையில் கண்ணைக் கட்டிப் படுக்கும் சிகிச்சை அதற்கு எப்படிப் பொருந்தும் என்பது திறந்த கேள்வி. கண்ணைக் கட்டுவதே உங்களுக்குப் பழையதைக் கிளறுமென்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள்.

கொடைக்கானல் காளானும் இதுதானே? லீவுக்கு ஊருக்குப் போகும்போது ட்ரை பண்ணலாமா?

வேண்டாம். அதில் சைலோசைபின் இருக்கலாம்; எவ்வளவு என்று விற்பவருக்கும் தெரியாது, பக்கத்தில் முளைக்கும் நச்சுக் காளானோடு மாறினால் உயிருக்கு ஆபத்து. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி சைலோசைபின் இந்தியாவில் குற்றம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மருந்தை எடுப்பவர்களுக்கு இதனோடு சேர்ந்தால் வலிப்பு வரலாம். முக்கியமாக, முதல் பதிலில் சொன்ன முன்பேச்சும் பின்பேச்சும் அங்கே கிடையாது.

ஆய்வுல சேரலாம்னு இருக்கேன். தெரபிஸ்ட் வெள்ளைக்காரர். என்ன கேக்கணும்?

வெள்ளைக்காரர் என்பதால் மட்டும் விலக வேண்டியதில்லை. கேளுங்கள்: என் பின்னணியைச் சேர்ந்தவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? இனவெறி பற்றி நான் பேசினால் என்ன செய்வீர்கள்? உணர்ச்சி மேலிட்டால் நான் தமிழில் பேசிவிடுவேன், பரவாயில்லையா? தொடுவது பற்றி விதி என்ன, நடுவில் என் மனம் மாறினால் எப்படிச் சொல்வது? அமர்வு பதிவாகுமா, யார் பார்ப்பார்கள்? மூன்று மாதம் கழித்து எனக்குச் சரியில்லாமல் போனால் யாரைக் கூப்பிடுவது? கேள்வி கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரோடு எட்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டாம்.

படிவத்துல இனம் என்னன்னு கேக்குறாங்க. நிரப்பணுமா? விட்டுடலாமா?

கட்டாயமில்லை, விட்டுவிட உங்களுக்கு உரிமை உண்டு. எதற்குப் பயன்படும், பெயரோடு சேர்த்து வைப்பார்களா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தப் பாடகர் ஐயா கேட்டுவிட்டு, காலியாகவே விட்டார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நான் நிரப்பினால் "ஆசியர்" கட்டத்தில் குறி வைத்து, பக்கத்தில் கோடு இருந்தால் "தமிழர்" என்றும் எழுதுவேன்.